முப்பத்தொன்றும் ஐம்பத்தெட்டும்

மார்ச் 3

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

முட்டைக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். பால்கனியில் நீ வைத்துவிட்டுப் போன செடி என்னைவிடச் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று நம்பலாம்தான். ஆனால் வேளைக்குச் சாப்பிடுகிறவர்களைப் பற்றித்தான் அப்படி நம்ப முடியும். நேற்று போனில், காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு “வார்டுல பிஸி” என்றாய். அது கேள்விக்குப் பதில் இல்லை.

நேற்றுத்தானே பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ “ம்” என்கிறாய். நீ “ம்” என்றதும் நான் உளற ஆரம்பித்துவிடுகிறேன். பதினாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேர் வானிலை பற்றிப் பத்து நிமிஷம் பேசுகிறோம். காகிதம் என்றால் நீ குறுக்கே “ம்” போட முடியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் சிரிப்புச் செய்தி. கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒரு அம்மா குடிவந்திருக்கிறார். மருத்துவக் கல்லூரி வேலைக்கு வெளியூர் கிளம்பிய அன்று நீ மாடிப்படியிலிருந்து “முட்டைக்காரரே, பெட்டியைத் தூக்குங்க” என்று கத்தினாயே, அதைக் கேட்டிருக்கிறார். நேற்றுக் கதவைத் தட்டி, வாரம் ஒரு டஜன் கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்று கேட்டார். நான் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் மனித முட்டையோடும் கருவோடும் வேலை பார்ப்பவன் என்று விளக்கினேன். முகம் வெளிறிவிட்டது. “அப்ப வேணாங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். இனி அந்த வீட்டோடு எனக்குப் பேச்சு இருக்காது.

இங்கே ஒரு புது ஆராய்ச்சி ஆரம்பித்திருக்கிறோம். மூன்று துறை சேர்ந்தது. சிகிச்சைப் பிரிவிலிருந்து பெரிய டாக்டர், உனக்குத் தெரிந்தவர்தான். ஆய்வகத்திலிருந்து நான். மூன்றாவது, மருத்துவக் கல்வித் துறையிலிருந்து ஒரு மேடம். மாணவர்களுக்கு எதை எப்படிக் கற்றுக்கொடுத்தால் மண்டையில் ஏறும் என்று ஆராய்வது அவர் வேலை. எதைச் சொன்னாலும் “ஏன்?” என்று கேட்பதால் அவருக்கு ஏன் மேடம் என்று பெயராகிவிட்டது. முதல் கூட்டத்தில், நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னார். “ஏன்?” என்றார் மேடம். அதற்கே இருபது நிமிஷம் போயிற்று.

ஆராய்ச்சி என்னவென்றால், ஐந்து நாள் வளர்ந்த கருவைப் பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுகிறோம் அல்லவா, கருப்பையில் வைக்க நல்ல கருவைத் தேர்ந்தெடுக்க, அந்தக் கண்ணைப் படிக்கிறவர்களுக்கு எப்படிப் பழக்குவது என்பதுதான். பழைய படங்கள் எண்பது. எல்லாம் படத்தைப் பயன்படுத்தச் சம்மதம் கொடுத்தவர்களுடையது. பெயரும் பதிவெண்ணும் மறைத்தாகிவிட்டது. அவற்றில் எந்தக் கரு பிள்ளையாகப் பிறந்தது, எது நிற்கவில்லை என்ற பட்டியல், புள்ளியியல் பார்க்கும் ஆளின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அவரை எல்லாரும் புள்ளி என்றுதான் கூப்பிடுகிறோம். மாணவர்களும் நர்ஸ் பயிற்சிப் பெண்களுமாக இருபத்துநான்கு பேர் மதிப்பெண் போடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் மூன்று “வல்லுநர்களும்” போட வேண்டுமாம். நான், பெரிய டாக்டர், இரண்டாம் குரல்.

இரண்டாம் குரலை மறந்திருக்க மாட்டாய். ஆய்வகத்தில் நான் ஒவ்வொரு தட்டின் மேலும் ஒட்டியிருக்கும் பெயரையும் எண்ணையும் உரக்கப் படிப்பேன், அந்தப் பெண் பார்த்து உரக்கத் திருப்பிச் சொல்லுவாள். இரண்டு குரல் ஒத்துப்போகாமல் அங்கே ஒரு துளி நீர்கூட இடம் மாறாது. பதினோரு வருஷமாக என் பேச்சைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் யாரும் அப்படி ஒரு தடவைகூடச் செய்ததில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உன் மாமியாரும் நலம். எனக்குப் பள்ளி நாளிலேயே அம்மா போய்விட்டதால், மாமியார் இல்லாத வீட்டுக்கு வந்தவள், கொடுத்து வைத்தவள் என்று உன்னைச் சொல்லாத ஆள் இல்லை. நீ முதல் முறை ஆய்வகத்துக்கு வந்தபோது, கருக்களை உறைய வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் தொட்டியை நான் தினமும் காலையில் திறந்து அளவு பார்ப்பதையும், லீவு நாளில்கூட விட்டுக் கொடுக்காமல் ஓடிவருவதையும் பார்த்துவிட்டு, “ஓ, இவங்கதான் என் மாமியாரா” என்று கும்பிட்டாய். அன்றிலிருந்து ஆய்வகம் முழுக்க அந்தப் பெயர்தான். இன்று காலை அளவுகுச்சியை உள்ளே விட்டு எடுத்து, காற்றில் வீசிப் பார்த்தேன். பனி படிந்த உயரம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். மாமியார் வயிறு நிறைய இருக்கிறார்.

இனி, எழுதக் கூடாது என்று நினைத்ததை எழுதுகிறேன். மாமியாரின் மூன்றாவது அடுக்கில் நம்முடைய கரு ஒன்று இருக்கிறது. நீ கிளம்புமுன் படிவத்தில் “கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் கொடுத்துவிடலாம்” என்ற கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு, என் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனாய். என் கையெழுத்து பாக்கி. ஏப்ரல் முப்பதுக்குள் கொடுக்க வேண்டும். இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொன்னாய், சரி என்றேன். பேசவில்லை. எழுதத்தான் செய்கிறேன். முதல் வாரம் பேனாவில் மை இல்லை. இரண்டாவது வாரம் மை இருந்தது, கண்ணாடி இல்லை. நான் சாக்குச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள். சொன்ன சொல் தவற மாட்டேன்.

சாப்பிடு.

அன்புடன்,
உன் முட்டைக்காரன்


மார்ச் 24

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு வரி எழுதியிருந்தாய். அதில் ஒன்று “படிவம்?” என்ற ஒற்றைச் சொல். ஏன் மேடம்கூட இவ்வளவு சிக்கனமாகக் கேள்வி கேட்பதில்லை. அதற்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் என் மானம் போன கதையைக் கேள். நீ சிரிப்பாய் என்பதற்காகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தேர்வு நடந்தது பெரிய விரிவுரை அறையில். சுவரில் படம் வரும். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம். தாளில் மதிப்பெண் போட்டு, பக்கத்தில் “ஏன்” என்று தலைப்பிட்ட கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். அது மேடத்தின் கட்டளை. காரணமில்லாத மதிப்பெண் செல்லாது. நான் முதல் வரிசையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் இருந்த மாணவர்களைத் திரும்பிப் பார்த்து, “எனக்கு இது கண்ணை மூடிக்கிட்டுப் போடுற வேலைப்பா” என்று வேறு சொன்னேன். அந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தேர்வுக்கு முன் மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து வகுப்பு எடுத்திருந்தார்கள். ஒரு குழுவுக்கு நான் பாடம் எடுத்தேன். நல்ல கரு எப்படி இருக்கும், மோசமான கரு எப்படி இருக்கும், வரிசையாகப் படங்கள், வழக்கம் போல. இன்னொரு குழுவுக்கு மேடம் எடுத்தார். அவருக்குக் கருவைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேமரா வைத்த வளர்ப்புப் பெட்டியிலிருந்து சிறு சிறு படத்துண்டுகளை ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, “அடுத்து இது என்ன செய்யும்?” என்று மட்டும் கேட்டாராம். பிறகு மீதியை ஓட்டிக் காட்டுவாராம். இதெல்லாம் ஒரு பாடமா என்று நான் பெரிய டாக்டரிடம் கேலி பேசினேன்.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. எங்களுக்குச் சொல்லாமல் புள்ளியும் மேடமும் ஒரு வேலை பார்த்திருக்கிறார்கள். எண்பது படம் என்றால் எண்பது கரு இல்லை. நாற்பதுதான். ஒவ்வொரு கருவையும் காலை பத்து மணிக்கு ஒரு படம், பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு படம் என்று எடுத்து, கலைத்துப் போட்டு, வெவ்வேறு எண் கொடுத்திருக்கிறார்கள். ஒரே கருவுக்கு ஒரே ஆள் இரண்டு இடத்தில் எவ்வளவு மாறி மாறி மதிப்பெண் போடுகிறார் என்று பார்க்கத்தான்.

இருபத்தேழு பேரில் நான் இருபத்தேழாவது.

பெயர் போடாமல் எழுத்து போட்டுத்தான் பட்டியல் ஒட்டினார்கள். ஆனால் கடைசி வரியில் இருந்த எழுத்து யாருடையது என்று காவலாளிக்குக்கூடத் தெரிந்திருந்தது. முதல் இடம், மேடத்தின் குழுவில் இருந்த ஒரு நர்ஸ் பயிற்சிப் பெண்ணுக்கு. மூன்று மாதத்துக்கு முன்தான் நுண்ணோக்கியையே தொட்டவள். நான் விடவில்லை. அது எப்படி ஒரே கருவாக இருக்கும், இது சுருங்கியிருக்கிறது, அது விரிந்திருக்கிறது என்று வாதாடினேன். மேடம் பொறுமையாகப் படத்தை ஓட்டிக் காட்டினார். கரு சில சமயம் சட்டென்று சுருங்கும், சில மணி நேரத்தில் மறுபடி உப்பிக்கொள்ளும். மூச்சு வாங்குகிற மாதிரி. இது எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் வகுப்பில் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பேனாவைக் கையில் எடுத்ததும் மறந்துவிட்டேன். “உங்களுக்குத் தெரியும் சார். அப்புறம் ஏன் மாத்திப் போட்டீங்க?” என்று கேட்டார். நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

சுருங்கியிருக்கும் நேரத்தில் பார்த்தால் இரண்டு போடுகிறேன். விரிந்த நேரத்தில் பார்த்தால் நான்கு. பதினெட்டு வருஷமாக இப்படித்தான் போட்டிருக்கிறேன் போல. நல்லவேளை, நான் மட்டும் இல்லை. இரண்டாம் குரல் இருபத்தாறாவது. பெரிய டாக்டர் இருபத்துநான்காவது. மூவரும் கான்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடித்தோம். நர்ஸ் பெண் வந்து, “சார், சந்தேகம் ஏதாவது இருந்தா கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரிய டாக்டர் சிரித்த சிரிப்பில் டீ புரை ஏறிவிட்டது. முதுகில் நான்தான் தட்டினேன்.

வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. இத்தனை வயதுக்கு மேல் ஒரு புதிய விஷயம் மண்டையில் ஏறுகிறது. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு கருவையும் இரண்டு வேளை பார்த்துத்தான் மதிப்பெண் என்று பெரிய டாக்டர் உத்தரவு போட்டுவிட்டார். வருகிற வாரம் புள்ளி அலமாரியைத் திறக்கிறார். நாங்கள் குறைத்து மதிப்பிட்ட கருக்கள் என்னவாயின என்று அப்போது தெரியும்.

படிவம்: இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை போட்டுவிடுகிறேன். இந்த முறை நிஜமாகவே. மூன்று முறை ஊசிகளைப் போட்டுக்கொண்டு, மூன்று முறை காத்திருந்து, மூன்று முறை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டது நீ. நான் கதவுக்கு வெளியே நின்றவன். மிச்சமிருக்கும் நாலாவதும் நல்ல கரு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், போதும் என்றாய். போதும் என்று சொல்லும் உரிமை உனக்குத்தான். எனக்கு அதில் மறுபேச்சு இல்லை.

மாமியார் முப்பத்தாறு. திங்களன்று நிரப்ப ஆள் வருகிறார்.

அன்புடன்,
இருபத்தேழாவது இடம் பெற்ற
உன் முட்டைக்காரன்


ஏப்ரல் 6

என் அன்பே,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. ரவுண்ட்ஸ் நடுவிலும் படிக்காதே. உட்கார்ந்து படி. கெட்ட செய்தி இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நல்ல செய்தியா என்று நீதான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை புள்ளியின் அறையில் நாங்கள் நால்வர். அவர் பட்டியலைத் திறந்தார். இடப்பக்கம் பட எண், நடுவில் பதிவெண், வலப்பக்கம் கருவின் கதி. காலையில் சுருங்கி, குறைந்த மதிப்பெண் வாங்கி, பிற்பகலில் விரிந்திருந்த கருக்கள் மொத்தம் பதினொன்று. அதில் பத்தைக் கருப்பையில் வைத்திருக்கிறார்கள். நான்கு பேர் பிறந்து இன்று எங்கெங்கோ ஓடியாடிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய டாக்டர் மேஜையில் ஓங்கித் தட்டினார். பதினோராவது வரியில் மட்டும் கதி என்ற இடத்தில் “உறைநிலையில் உள்ளது” என்று இருந்தது. படங்கள் 31, 58.

அந்தப் பதிவெண் எனக்கு நம் வீட்டுக் கதவு எண்ணைவிட நன்றாகத் தெரியும்.

நம்முடையது. படத்தைப் பயன்படுத்தலாம் என்று நாமும் கையெழுத்துப் போட்டிருந்தோம், உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு மறந்தே போயிருந்தது. சொந்தக்காரர்களின் தட்டைத் தொடக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் அப்போது நான் வராந்தாவில் மற்றக் கணவன்மாரோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன நடந்தது என்று நான் பார்த்ததே இல்லை. அதன் முகத்தையும் நான் பார்த்ததில்லை. பார்த்தபோது யாரென்று தெரியாமல் பார்த்தேன்.

என் விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்றுக்கு இரண்டு போட்டிருக்கிறேன். ஏன் என்ற கட்டத்தில், “சுருங்கிவிட்டது. நம்பிக்கை குறைவு.” நம்முடையதற்கு என் கையாலேயே ஃபெயில் மார்க். பக்கத்தைத் திருப்பி ஐம்பத்தெட்டைத் தேடினேன். நான்கு. ஏன் என்ற கட்டத்தில் காரணம் எழுதாமல், அரை நிமிஷ அவசரத்தில் ஏதோ கிறுக்கியிருந்தேன். அப்படியே எழுதுகிறேன்:

“நல்லா வந்திருக்கு. யாருடையதோ, கொடுத்து வைத்தவங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. புள்ளி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் விரலால் பதிவெண்ணைக் காட்டி, எங்களுடையது என்று மட்டும் சொன்னேன். ஏன் மேடம் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். முதல் தடவையாக ஒன்றுமே கேட்கவில்லை.

இதில் இன்னொருத்தி இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் நம்முடையதற்குக் காலையில் இரண்டு போட்டவள் இரண்டாம் குரல். பிற்பகலில் உறைய வைத்தபோது யாரும் மறுபடி மதிப்பிடவில்லை. அப்போதெல்லாம் ஒரு தடவை போட்டது போட்டதுதான். விஷயம் தெரிந்ததும் அவள் உடை மாற்றும் அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெளியே வர மாட்டேன் என்றாள். நான் கதவு ஓரமாக என் விடைத்தாளை உள்ளே நுழைத்து, முப்பத்தொன்றுக்கு நான் என்ன போட்டிருக்கிறேன் என்று பார்க்கச் சொன்னேன். நீ என் பேச்சைத் திருப்பிச் சொல்லுகிறவள்தானே, மதிப்பெண்ணையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டே சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள்மேல் உனக்குக் கோபம் வந்தால் அதில் பாதியை எனக்கு ஒதுக்கு.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். ஆசைப்பட்ட கண்ணுக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும் என்பாய். அதே பயம் எனக்கும் இருந்தது. அதனால் பெரிய டாக்டரிடம் சொல்லி, வேறொரு ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கு அந்தக் கருவின் முழு ஓட்டப் படத்தையும் இன்னும் பத்துப் பேருடையதோடு கலந்து, பெயரில்லாமல் அனுப்பச் சொன்னேன். மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள். மூவரும் நான்கு போட்டிருக்கிறார்கள். இந்த ஆராய்ச்சியிலிருந்து என் மதிப்பெண்களை நீக்கிவிடும்படியும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசி இடம் இப்போது இரண்டாம் குரலுக்கு.

இப்போது நேராகவே பேசுகிறேன். பத்தில் நான்கு என்பது சின்னக் கணக்கு. அதை நம்பி வீடு கட்ட முடியாது. நான்கு நிற்கலாம் என்றால் ஆறு நிற்காது என்றும் அர்த்தம். உடம்பு உன்னுடையது. வலி உன்னுடையது. அங்கே உன் வேலையும், நீ சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளும் உன்னுடையவர்கள். நீ போதும் என்றால் இன்றும் போதும்தான். ஒரு வார்த்தை எழுது, அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். பேனாவில் மை இருக்கிறது, கண்ணாடி மூக்கில் இருக்கிறது. உன்மேல் ஒரு மனத்தாங்கலும் இருக்காது. நம் வீட்டில் நாம் இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறோம், இனியும் இருப்போம்.

ஆனால் தெரியாமல் நீ முடிவெடுக்கக் கூடாது என்று தோன்றியது. நீ டிக் போட்ட அன்று நாங்கள் உனக்குச் சொல்லியிருந்தது பாதிச் செய்தி. முழுச் செய்தி இப்போதுதான் கையில் இருக்கிறது. மறைத்தால் நான் உன் புருஷனும் இல்லை, ஆய்வகக்காரனும் இல்லை.

இரண்டு படங்களையும் உறையில் வைத்திருக்கிறேன். பார்க்க விருப்பமில்லை என்றால் பிரிக்காதே. பிரித்தால், காலைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதே.

மாமியாரை இப்போது காலையிலும் மாலையிலும் பார்க்கிறேன். ஒரு வேளை போதும்தான். மனசு கேட்கவில்லை. முப்பத்தொன்பது.

நீ எங்கே இருந்தாலும், என்ன முடிவெடுத்தாலும், உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும்,
உன்னுடைய
முட்டைக்காரன்


ஏப்ரல் 15

என் அன்பு முட்டைக்காரருக்கு,

நின்றுகொண்டு படிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியையே ரவுண்ட்ஸ் நடுவில் நின்றுகொண்டுதான் படித்தேன். பிறகு நோயாளியின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் நல்ல மனிதர், காலை மடக்கி இடம் கொடுத்தார். என்னோடு வந்த ஆறு மாணவர்களும் ஏதோ அரிய நோயைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நோட்டைத் திறந்துகொண்டு நின்றார்கள். கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று ஒரு பெண் கேட்டாள். சளி என்றேன். எழுதிக்கொண்டாள்.

படங்களை மூன்று நாள் பிரிக்கவில்லை. நாலாவது நாள் காலையில் ஒன்றைப் பிரித்தேன், பிற்பகலில் இன்னொன்றை. நீங்கள் சொன்னபடிதான்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, நான் முதல் வகுப்பில் சொல்லும் பாடம் என்ன தெரியுமா? “காலையில பார்த்த நோயாளியைச் சாயங்காலமும் ஒரு தடவை பார்க்காம முடிவு எழுதாதீங்க.” வருஷக்கணக்காகச் சொல்கிறேன். மறந்தவர்களைத் திட்டியும் இருக்கிறேன். என் சொந்த விஷயத்தில் மட்டும் காலையில் பார்த்ததை வைத்துக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டேன். இருபத்தேழு பேரில் நான் இருபத்தெட்டாவது என்று ஏன் மேடத்திடம் சொல்லுங்கள்.

நான் கோபத்தில்தான் கிளம்பினேன். உங்கள்மேல் இல்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே ஒவ்வொரு முறையும் நீங்கள் நின்றது எனக்குக் கேட்கும். மூச்சு கேட்கும். உள்ளே கூப்பிட வேண்டும் போல இருக்கும். கூப்பிட்டால் இரண்டு பேரும் உடைந்துபோவோம் என்று கூப்பிடவில்லை. போனிலும் அந்த “ம்” அதற்குத்தான்.

இப்போது என் நிபந்தனைகள். டாக்டரின் உத்தரவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறைதான். இந்த ஒன்றுக்காக. நிற்கவில்லை என்றால் அதோடு முடிந்தது, நாம் இருவர். இருவர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. பத்தில் ஆறு பக்கத்தையும் நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் பார்க்கிறேன். ஆனால் இந்த முறை கதவைச் சாத்திக்கொள்ள மாட்டேன். அழுதாலும் சிரித்தாலும் கதவு திறந்தே இருக்கும்.

நீங்கள் வராந்தாவில்தான் உட்கார வேண்டும். உள்ளே வந்து ஆளை நச்சரிக்கக் கூடாது. அன்றைக்கு நம் பெயரையும் எண்ணையும் இரண்டாம் குரல் முதல் குரலாகப் படிக்கட்டும். வேறு யாராவது திருப்பிச் சொல்லட்டும். அவள்மேல் எனக்குக் கோபம் இருந்தால்தானே உங்களுக்குப் பாதி ஒதுக்க? அவளிடம் இதைச் சொல்லும்போது உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில் நின்று சொல்லாதீர்கள், மறுபடி உள்ளே போய்விடுவாள்.

கீழ்வீட்டு அம்மாவிடம் போய்ப் பேசுங்கள். அக்கம்பக்கத்தில் ஆள் வேண்டும்.

இங்கே தேர்வுகளை முடித்துவிட்டு அடுத்த மாதம் எட்டாம் தேதி வருகிறேன். துறைத் தலைவரிடம் சொல்லியாகிவிட்டது. ஏன் என்று அவரும் கேட்டார். வீட்டில் ஒரு மறுபரிசோதனை இருக்கிறது என்றேன்.

இழுப்பறையில் இருக்கும் படிவத்தைக் கிழித்துவிடுங்கள். எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடும்படி இல்லாமல் சின்னச் சின்னதாக. ஐம்பத்தெட்டை நான் என் பையில் வைத்திருக்கிறேன். முப்பத்தொன்றையும்தான்.

நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். நேற்றிலிருந்து.

அதுவரை தினமும் ஒரு வேளை பாருங்கள், இரண்டு வேளை பாருங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் மாமியாரைப் பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள். நாளைக் காலையில் மூடியைத் திறக்கும்போது, மருமகள் கிளம்பி வருகிறாள், அதுவரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
டாக்டரம்மா